துருவ நட்சத்திரம் தென்னைக்குப் பின்னால: மொட்டை மாடியில் மோட்டார் மவுன்ட்

சனியை ஐபீஸில் பிடிச்சு, பக்கத்துல நிக்கிற நண்பனைக் கூப்பிடுறதுக்குள்ள அது ஓரத்துக்குப் போயிடும். வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகருது. நூறு மடங்கு பெரிதாக்கினா நமக்குத் தெரியுறது சுமார் அரைப் பாகை. அதாவது இரண்டே நிமிஷம். இதுக்குத்தான் 23 மணி 56 நிமிடம் 4 விநாடிக்கு ஒரு சுற்று சுத்துற மோட்டார் மவுன்ட்.

மவுன்ட்டோட வர்ற கையேட்டுப் படங்கள் பெரும்பாலும் 40, 50 பாகை அட்சரேகைக்காரங்களுக்கு. தஞ்சாவூர் 10.8 பாகை. துருவ அச்சு அவ்வளவுதான் நிமிரணும், கிட்டத்தட்டப் படுத்த மாதிரி. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்குற 2.34 மீட்டர் தொலைநோக்கியின் படத்தைப் பாருங்க. அங்கே 12.5 பாகை. அச்சு எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு உடனே புரியும்.

இதனால இரண்டு தொல்லை. கவுண்டர் வெயிட் கம்பி கீழே வரும்போது வடக்குப் பக்கக் காலில் இடிக்கும். ட்ரைபாடைத் திருப்பி இரண்டு கால் வடக்கே வர்ற மாதிரி வைங்க, கம்பி நடுவுல இறங்கும். இன்னொண்ணு, சில மவுன்ட்கள் 15 பாகைக்குக் கீழே இறங்காது. வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஏற்கெனவே வாங்கியாச்சா? வடக்குக் கால் இரண்டையும் சமமா குறைங்க. முன்னும் பின்னும் 80 செ.மீ. இடைவெளின்னா 7 செ.மீ. குறைச்சா 5 பாகை கிடைச்சிடும்.

இப்போ கரன்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாடிக்கு இழுக்காதீங்க. தையில சாயங்காலமே பனி இறங்கி தரை நனைஞ்சிடும், சுத்தி வயல் தண்ணி வேற. ஈரத் தரையில வெறுங்காலோட 230 வோல்ட் விளையாட்டு வேணாம். யுபிஎஸ்ல போடுற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒண்ணு ட்ரைபாட் காலடியில போதும். ஆனா கணக்குப் போடுங்க: ட்ராக்கிங்குக்கு 0.5 ஆம்பியர், லென்ஸில் பனி படியாம இருக்க ஹீட்டர் பட்டைக்கு 0.8. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணக் கூடாது. ஆக இரண்டரை மணி நேரம்தான். ராத்திரி முழுக்க வேணும்னா 26 ஆம்பியர்-மணி.

ஒயரில்தான் பலரும் கஞ்சத்தனம் பண்றாங்க. 0.2 சதுர மி.மீ. மெல்லிய ஒயர் 5 மீட்டர், போக வர 10 மீட்டர். மின்தடை 0.86 ஓம். வேகமா திரும்பும்போது 2 ஆம்பியர் இழுத்தா 1.7 வோல்ட் ஒயர்லயே போச்சு. 12.2 இருந்த இடத்துல 10.5. பல மவுன்ட்கள் குறைஞ்சது 11 கேக்கும். நடுவுல ரீசெட் ஆகி, பார்த்த இடமெல்லாம் மறந்துடும். வீட்டு வயரிங் 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டா இழப்பு கால் வோல்ட்டுக்குள்ள. பேட்டரி பாசிட்டிவ் பக்கத்துலயே ஒரு ஃபியூஸ். பின்னோட நடுமுனை பாசிட்டிவான்னு மல்டிமீட்டர்ல பார்த்துட்டுத்தான் சொருகணும். மாறிப்போனா போர்டு அப்பவே காலி, ஃபியூஸ் காப்பாத்தும்னு நம்பாதீங்க.

அடுத்து திசை. துருவ நட்சத்திரம் நம்ம ஊர்ல நீட்டின கையில் ஒரு முஷ்டி உயரம்தான். அங்கே தென்னையோ எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டியோ இருக்கும். போன் திசைகாட்டியை நம்பலாமான்னா, மாடிக் கான்கிரீட்ல இருக்கிற கம்பி அதைக் குழப்பும். அதனால நகர்வைப் பார்த்துத் திருத்துங்க. பிப்ரவரி நடுவுல இரவு 8 மணி வாக்கில் ஓரியன் இடுப்புப் பட்டை நட்சத்திரங்கள் தெற்கு உச்சத்தில் இருக்கும். அதில் மேற்கு ஓரத்தில் இருக்கிறதை நடுவில் வச்சு, மோட்டார் ஓட 5 நிமிஷம் பாருங்க. டியூபை லேசா வடக்கே தள்ளினா நட்சத்திரம் எந்தப் பக்கம் போகுதோ அது தெற்கு. தானாவே தெற்கே நழுவினா அச்சு கிழக்கே விலகியிருக்கு, மேற்கே திருப்புங்க. வடக்கே நழுவினா கிழக்கே. ஒரு பாகை தப்பு இருந்தா இந்த 5 நிமிஷத்தில் நழுவுறது வியாழனோட அகலத்தைவிட அதிகம், அதனால கண்ணுக்கே தெரியும்.

பிறகு கிழக்கே மகம். தெற்கே நழுவினா அச்சு தாழ்ந்திருக்கு, உயர்த்துங்க. வடக்கேன்னா இறக்குங்க. இரண்டையும் மாத்தி மாத்தி இரண்டு மூணு தடவை பண்ணணும். நின்னதும், மூணு கால் இருக்கிற இடத்தையும் தட்டோட்டுல பெயின்ட்டால குறிச்சு வைங்க. அடுத்த ராத்திரி பத்து நிமிஷ வேலை.