பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: வாஷர் வேலை பழகும் தம்பிகளுக்கு

பட்டறைக்கு வேலை பழக வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற ஆசை. நான் முதலில் கொடுப்பது பின் கண்ணாடி வாஷர் வேலையைத்தான். ஒரு டேங்க், ஒரு பம்ப், ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ், நாலு ஒயர். கார் ஒயரிங்கில் இதைவிடச் சின்ன லைன் கிடைப்பது அரிது. ஆனால் தண்ணீர் வரவில்லை என்றதும் பத்தில் எட்டுப் பேர் கை பம்ப்புக்குத்தான் போகும். புதுப் பம்ப் போட்ட பிறகும் தண்ணீர் வராது. சாமான் மாற்றுவது யாராலும் முடியும். பழுது இந்த இடத்தில்தான் என்று காட்டிவிட்டுக் கை வைப்பவன்தான் எலக்ட்ரீஷியன். அதற்குச் சில வழிமுறைகள் சொல்கிறேன், வரிசையாகக் கேள்.

1. முதலில் காது, பிறகு மீட்டர்

இன்ஜினை ஓட்டாதே. சாவியை ஆன் நிலையில் வைத்து, ஒருவரை லீவரைப் பிடிக்கச் சொல். நீ பம்ப் பக்கத்தில் போய் நின்று கேள். பின் கண்ணாடிக்கான தண்ணீர் என்றாலும், பெரும்பாலான ஹேட்ச்பேக் வண்டிகளில் டேங்க்கும் பம்ப்பும் முன்னால்தான் இருக்கும். முன் பம்பருக்குப் பின்னாலோ, ஃபெண்டருக்கு உள்ளேயோ. சில வண்டிகளில் மட்டும் டிக்கியின் பக்கவாட்டில் தனி டேங்க். மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் அது கரண்ட் வேலையே இல்லை. டேங்க் காலி, ஓஸ் கழன்றிருக்கிறது, அல்லது போர் தண்ணீர் உப்பு நாசிலை அடைத்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் மட்டும் மீட்டரை எடு.

2. வண்டிக்காரர் சொல்வதை முழுதாகக் கேள்

திடீரென்று நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து நின்றதா? முன் பம்பரில் டிங்கரிங் நடந்ததா? புதிதாக ரிவர்ஸ் கேமரா மாட்டினார்களா? வண்டி மரத்தடியில், மாட்டுத் தொழுவம் பக்கத்தில் நிற்கிறதா? கடைசிக் கேள்வி ஒயரைக் கடிக்கும் எலிக்காக. இந்த நாலு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதித் தேடல் மிச்சம்.

3. எந்த வகைப் பம்ப் என்று பார்த்துவிட்டு யோசி

வண்டிக்கு வண்டி அமைப்பு மாறும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று டேங்க்கில் இரண்டு பம்ப் இருக்கலாம். அல்லது ஒரே பம்ப்பில் இரண்டு வாய் இருக்கும். இரண்டு ஓஸ் கிளம்பும், ஒயர் மட்டும் இரண்டே இருக்கும். இந்த இரண்டாவது வகைதான் புதியவர்களைக் குழப்புகிறது. அதில் நிரந்தர லைன், நிரந்தர எர்த் என்று எதுவும் கிடையாது. சும்மா இருக்கும்போது இரண்டு ஒயரும் சுவிட்ச் வழியாக எர்த்தில் நிற்கும். முன் வாஷரை அழுத்தினால் ஒரு ஒயருக்கு 12 வோல்ட் வரும், மற்றது எர்த்தாகவே இருக்கும். பின் வாஷரை அழுத்தினால் அப்படியே தலைகீழ். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், உள்ளே இருக்கும் வால்வு நகர்ந்து தண்ணீரைப் பின் ஓஸுக்குத் திருப்பும். இது தெரியாமல் ஒரு ஒயரை எடுத்து நேராக பாடி எர்த்தில் கொடுத்துவிட்டால், ஏதோ ஒரு பக்கம் அழுத்தும்போது ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும்.

4. முன் வாஷர் ஓடுகிறதா என்று பார். அது பாதிப் பதிலைச் சொல்லிவிடும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வா. இரண்டு வாய்ப் பம்ப் உள்ள வண்டி. முன் வாஷர் நன்றாக வேலை செய்கிறது. பின்னுக்கு அழுத்தினால் மோட்டார் முனகக்கூட இல்லை. வண்டிக்காரர் கையில் புதுப் பம்ப்போடு வந்து நிற்கிறார். கழற்றலாமா?

வேண்டாம். முன்னுக்கு ஓடும் மோட்டார் பின்னுக்கும் அதே சுருளில், அதே கார்பனில், அதே இரண்டு ஒயரில்தான் ஓட வேண்டும். ஆகவே பம்ப் நன்றாக இருக்கிறது, கப்ளர் நன்றாக இருக்கிறது, ஒயர் இரண்டும் அறுபடவில்லை. மிச்சம் இருப்பது சுவிட்ச் பக்கம் மட்டும். இப்போது கப்ளரைப் பிடுங்காமல், ஒயர் நுழையும் பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டுப் பார். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும். பின் வாஷரை அழுத்தச் சொல்லி இரண்டு ஒயரையும் மாறி மாறித் தொடு.

இரண்டிலும் 0 என்றால் லைன் வரவில்லை. சுவிட்சின் பின் வாஷர் காண்டாக்ட் போயிருக்கிறது. இரண்டிலும் 12 என்றால் லைன் வந்துவிட்டது, மோட்டாரைக் கடந்து மறுபக்கமும் வந்து நிற்கிறது, வெளியே போக வழி இல்லை. அதாவது எர்த் பக்கம் திறந்திருக்கிறது. அந்த எர்த்தும் சுவிட்சுக்குள்தான் இருக்கிறது. ஒன்றில் 12, மற்றதில் 0, மோட்டார் அசையவில்லை என்றால் மட்டும் பம்ப்பைச் சந்தேகப்படு. பம்ப் மேல் விழுந்த பழி இந்த வண்டியில் சுவிட்சில் வந்து நிற்கிறது.

தனித்தனிப் பம்ப் உள்ள வண்டியில் கணக்கு வேறு. முன் பம்ப் ஓடுவது பின் பம்ப்பைப் பற்றி எதையும் சொல்லாது. கப்ளர் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மாற்றிச் செருகிப் பார். முன் வாஷரை அழுத்தும்போது பின் பம்ப் ஓடினால் அந்தப் பம்ப்புக்கு நோய் இல்லை.

5. ஃபியூஸ் போனால் மாற்றாதே, ஏன் போனது என்று கேள்

கண்ணால் பார்த்து நம்பாதே. ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு புள்ளியிலும் செக்கிங் பல்பை வை. இரண்டிலும் எரிய வேண்டும். போயிருந்தால் பம்ப் கப்ளரைக் கழற்றிவிட்டு, அதே அளவு ஃபியூஸைப் போட்டு அழுத்து. ஃபியூஸ் தாங்கி நின்றால் குற்றவாளி பம்ப். உள்ளே சேறோ உப்போ இறுகி மோட்டார் சிக்கியிருக்கும். மறுபடி போனால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைச் செருகுகிறவனை என் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை. ஃபியூஸ் காப்பது பம்ப்பை அல்ல, ஒயரை. ஃபியூஸ் தாங்கினால் எரிவது ஒயரிங்.

6. பத்து ரூபாய் பல்பை மட்டமாக நினைக்காதே

டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த கரண்ட் எடுக்கும். இருபது இழையில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் என்று காட்டும். அதை நம்பிப் பம்ப்பைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்து வைத்துக்கொள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பம்ப் கப்ளரில் அந்தப் பல்பு பளிச்சென்று எரிந்தால் லைனில் தெம்பு இருக்கிறது. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது. ஆனால் இந்தப் பல்பை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் சொல்கிறேன், மறக்காதே.

7. நிற்கும்போது அளப்பது அளவே இல்லை

கரண்ட் ஓடும்போதுதான் பழுது தன்னைக் காட்டும். பம்ப் இணைப்பிலேயே இருக்கட்டும், லீவர் அழுத்தியபடி இருக்கட்டும். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவில் வை, கறுப்பு முனையை பம்ப்பின் லைன் ஒயரில் வை. மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால் தேடு. அதேபோல எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பார், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சுத்தம் செய். கணக்கு எளிது: 4 ஆம்பியர் ஓடும் லைனில் அரை ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் போய்விடும். அந்த அரை ஓமை ஓம் மீட்டரில் பார்த்தால் கண்ணுக்கே படாது.

8. கப்ளரைக் கழற்றினால் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்

பம்ப் டேங்க்கின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வாஷர் கசிந்தால் தண்ணீர் நேராகக் கப்ளரில்தான் இறங்கும். பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, பெண் பின் வாய் விரிந்து தொளதொளவென்று இருக்கிறதா என்று பார். அளவான ஆண் பின் ஒன்றைச் செருகி இழு; பிடிப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின்னை மாற்று. சுரண்டிவிட்டு ஸ்ப்ரே அடித்து அனுப்பினால் அடுத்த மழையில் வண்டி திரும்பி வரும். கசிவை நிறுத்தாமல் கப்ளரை மட்டும் சுத்தம் செய்தாலும் அதே கதைதான்.

9. டிக்கி ரப்பர் குழாயை மடித்துப் பார்

டிக்கி கதவும் பாடியும் சேரும் இடத்தில் ஒயரெல்லாம் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒயர் மடங்கும். வருடக்கணக்கில் மடங்கினால் மேலுறை வெடித்து உள்ளே செம்பு அறுந்துவிடும். பம்ப் முன்னால் உள்ள வண்டியில் அந்த இடத்தில் வாஷருக்கு என்று ஓஸ் மட்டும்தான் போகும். ஆனால் பின் வைப்பரும் நிற்கிறது, நம்பர் பிளேட் விளக்கும் விட்டு விட்டு எரிகிறது என்றால் முதலில் அங்கே போ. ஓஸ் அங்கே கழன்றிருந்தால் தண்ணீர் ஒயர்மேல் வழிந்து வேறு பழுதுகளைக் கொண்டுவரும். அறுந்த ஒயரை மடிப்புக்குள்ளேயே ஒட்டாதே. ஈயம் பற்றவைத்த இடம் விறைத்து, அதன் பக்கத்திலேயே மறுபடி அறும். நல்ல நெகிழ்வான ஒயரை எடுத்து, ஜாயிண்ட் இரண்டும் மடிப்புக்கு வெளியே வரும்படி போடு.

கூரை ஓரமாக ஒயரைத் தேடிப் போகும்போது கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியா என்று பார். ஸ்டியரிங் லீவரைக் கழற்றும்போதும் இதே எச்சரிக்கைதான். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் லைன். அங்கே பல்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்பெனி புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகுதான் ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டும்.

10. புது வண்டியில் சுவிட்ச் சொல்லும், கம்ப்யூட்டர் செய்யும்

இப்போது வரும் பல வண்டிகளில் லீவரிலிருந்து பம்ப்புக்கு நேர் லைன் கிடையாது. லீவர், பிசிஎம் என்கிற பாடி கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சேதி சொல்லும். அந்தப் பெட்டிதான் பம்ப்பை ஓட்டும். அந்தச் சேதி ஒயரில் 21 வாட் பல்பை வைத்தால் உள்ளே சர்க்யூட் போகலாம். அங்கே மீட்டர் மட்டும். ஸ்கேனரை மாட்டி, லீவரை அழுத்தும்போது திரையில் மாற்றம் தெரிகிறதா என்று பார். பிறகு ஸ்கேனரிலிருந்தே பம்ப்பை ஓட்டச் சொல்லிப் பார். லீவரில் ஓடாத பம்ப் ஸ்கேனரில் ஓடினால் லீவரையும் அதன் ஒயரையும் தேடு. ஸ்கேனரிலும் ஓடவில்லை என்றால் பெட்டிக்கும் பம்ப்புக்கும் இடையே தேடு. பெட்டி போய்விட்டது என்ற முடிவு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வர வேண்டும், விலை அப்படி.

11. பம்ப்புக்குத் தீர்ப்பு எழுதும் முன் நேர் கரண்ட் கொடு

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒயர் இழுத்து, பம்ப்புக்கு இரண்டு நொடி நேராகக் கொடு. டேங்க்கில் தண்ணீர் இருக்கட்டும். காய்ந்து ஓடினால் நல்ல பம்ப்பும் கெடும். இரண்டு வாய்ப் பம்ப் என்றால் ஒயரை மாற்றிப் பிடித்து இரண்டு திசையிலும் ஓட்டு. ஓடவில்லையா, இப்போது தாராளமாக மாற்று. புதுப் பம்ப்போடு ரப்பர் வாஷரையும் புதிதாகப் போடு. மாட்டிய பிறகு முன் வாஷரை அழுத்தினால் பின்னால் தண்ணீர் அடிக்கிறது என்றால் பயப்படாதே. இரண்டு ஓஸையோ இரண்டு ஒயரையோ மாற்றி மாட்டியிருக்கிறாய்.

12. சாவியைக் கொடுக்கும் முன் காட்டிக் கொடு

முன்னும் பின்னும் அழுத்திக் காட்டு, வைப்பரை ஓட்டு, டிக்கியைத் திறந்து மூடிவிட்டு மறுபடி அழுத்து. கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடு. பில்லில் "வாஷர் ரிப்பேர்" என்று ஒற்றை வரி எழுதாதே. சுவிட்ச் காண்டாக்ட், எர்த் பின், ஓஸ் என்று கண்ட பழுதை எழுது. அவர் வாங்கி வந்த புதுப் பம்ப் தேவைப்படவில்லை என்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடு, கடையில் மாற்றிக்கொள்வார். பம்ப் விற்ற லாபம் அன்றைக்கு உனக்குக் கிடைக்காது. அடுத்த முறை அவர் வண்டியில் எந்த விளக்கு எரியாவிட்டாலும் உன் பட்டறையைத் தேடித்தான் வருவார்.