வடகோடியில் ஓர் இருப்புப்பாதை

பாதை அமைத்தல் அரிது. அமைத்த பாதையைப் பேணுதல் அதனினும் அரிது. இவ்வுண்மைக்குச் சான்றாக, கனடா தேசத்து மானிடோபா மாகாணத்தில் ஹட்ஸன் குடாக்கரையிலுள்ள சர்ச்சில் என்னும் சிற்றூரின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இவ்வூரின் ஜனத்தொகை 870. வெளியூர்களோடு இதனை இணைக்கும் சாலை யாதுமில்லை. ஆகாய விமானமும், கோடையிற் கப்பலும், இருப்புப்பாதையுமே போக்குவரவுச் சாதனங்களாம். மேற்குச் சமவெளியின் கோதுமையைக் கடல் கடந்து அனுப்பும் பொருட்டே தி பாஸ் நகரிலிருந்து 510 மைல் நீளமுள்ள அப்பாதை 1929-இல் முடிக்கப்பெற்றது. 1931-இல் துறைமுகமும் தொழிற்படலாயிற்று.

பாதையின் பெரும்பகுதி சதுப்பு நிலத்தின்மீதும் உறைநிலத்தின்மீதும் செல்வது. உறைந்துள்ளவரை அந்நிலம் பாறைபோல் வலியது. உள்ளிருக்கும் பனி உருகினாலோ மண் அமிழ்ந்து, தண்டவாளம் கோணும். ஆதலின் சரளைக்கல் இட்டுச் சமன்செய்யும் வேலை ஓயாது நடைபெறல் வேண்டும்.

இச்செலவை ஏற்பவர் யார்? 1997-இல் பாதையும் துறைமுகமும் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் வசமாயின. 2012-இல் கனடியக் கோதுமை வாரியத்தின் ஏகபோக உரிமை முடிவுற்றது. தானிய வரத்துக் குறைந்து, 2016-இல் தானிய ஏற்றுமதியும் நின்றது. மறு ஆண்டு மே மாதத்தில் வெள்ளம் பாதையைப் பல இடங்களில் அரித்தது. பழுதுபார்க்கும் செலவு தம்மால் இயலாதென்றனர் கம்பெனியார். ஒப்பந்தப்படி அஃது அவர் கடனே என்றது அரசாங்கம். வழக்கு நீளப் பாதை கிடந்தது. உணவுப் பொருள்கள் விமானமேறி வந்தமையின் விலையும் ஏறிற்று.

2018 ஆகஸ்டில், வடபுலத்து ஊர்களும் ஆதிக்குடிகளும் பங்குகொண்ட ஒரு கூட்டமைப்பு அதனை விலைக்கு வாங்கிற்று. அரசாங்கம் 117 மில்லியன் டாலர் வாக்களித்தது. அதில் ஒரு பகுதி பத்தாண்டு நடப்புச் செலவுக்கு உரியது. அவ்வாண்டு இறுதிக்குள் புகைவண்டி மீண்டும் சர்ச்சிலை அடைந்தது.

இதனால் நாம் அறிவது யாது? 870 பேர் செலுத்தும் கட்டணம் 510 மைல் பாதையைத் தாங்காது. கோதுமையின் கூலியே அதனைத் தாங்கிற்று. கோதுமை வேறு வழி தேடிக்கொள்ளலாம். ஊர் தேடிக்கொள்ள இயலாது. எனவே இலாபக் கணக்கொன்றையே அளவுகோலாகக் கொள்ளின், இத்தகைய ஊர்கள் நிலைபெறா. திறப்புவிழா நாளிற் பொருள் வழங்குவார் பலர். ஆண்டுதோறும் சரளைக்கல்லுக்குப் பொருள் ஒதுக்குவார் சிலரே. பொறியியலும் பொருளியலும் பயிலும் மாணவர், எம்முயற்சியை மேற்கொள்ளினும், இப்பேணுதற் செலவை முதற்கண் கணக்கிடுவாராக.