இரத்தச் சீட்டில் காணும் ஐந்து குறிகள்

நம் சங்க அங்கத்தினருள் அறுபது வயதைக் கடந்தோர் பலர். அவர்கள் கூடுமிடத்தில் அடிக்கடி ஒரு பேச்சைக் கேட்கிறோம்: "சோதித்துப் பார்த்துவிட்டார்கள்; எனக்குச் சர்க்கரை இல்லை." இந்த ஆறுதலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், நமது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று, நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டா எனப் பார்த்து, மாத்திரைகளைத் திண்ணைக்கே கொண்டுவந்து தருமாறு அத்திட்டம் வகுக்கப்பட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகளின் பணிக்குழு ஒன்று அதற்கு விருதளித்தது. விருதைக் காட்டிலும், மாத்திரைக்காக ஒரு முதியவள் ஒரு நாள் கூலியை இழக்காதிருப்பதே பெரிது என்போம். ஆயினும் விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தம் சர்க்கரையை மட்டுமே சொல்லும். அதற்கு முன்னரே உடலில் நேரும் கோளாறு அதில் தெரியாது.

அக்கோளாற்றை மருத்துவர் 'வளர்சிதை மாற்றக் கூட்டு நோய்' என்பர். அதற்குரிய குறிகள் ஐந்து. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருத்தல் முதற்குறி. இரத்த அழுத்தம் மேலெண் 130 அல்லது கீழெண் 85-ஐ எட்டுதல் இரண்டாவது. எஞ்சிய மூன்றும் இரத்தத்தில் உள்ளவை. 100 மில்லிலிட்டரில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருத்தல். டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150-ஐ எட்டுதல். நன்மை செய்யும் எச்.டி.எல். கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறைதல். ஐந்தில் எவையேனும் மூன்று சேர்ந்தால் இந்நோய் உண்டு என்பது கணக்கு. மாத்திரை உண்பதால் எண் சரியாக நிற்குமாயினும், அக்குறி இருப்பதாகவே கொள்ளல் வேண்டும்.

ஒருவரைப் பாவனையாகக் கொள்வோம். வயது 62, முன்பு குழித்தறியில் இருந்தவர், இப்போது மகன் ஓசூர் ஆலைக்குச் செல்ல, இவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். சர்க்கரை 96. "நோயில்லை" என்று சீட்டைப் பெட்டியில் வைத்துவிட்டார். அதே சீட்டில் டிரைகிளிசரைடு 190, எச்.டி.எல். 36, இடுப்போ 94 சென்டிமீட்டர். மூன்று குறிகள் சேர்ந்துவிட்டன! பின்னாளில் நீரிழிவும் மாரடைப்பும் வரும் அபாயம் இவருக்கு மிகுதி. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருப்பது நம் நாட்டாரிடம் பெரிதும் காணப்படுவது. ஆதலின் ஆள் ஒல்லியாயிருப்பதைக் கண்டு ஏமாறலாகாது.

"எண்ணெயைத் தொடுவதேயில்லை, கொழுப்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தை ஈரல் டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. வயதேறத் தசை குறைகிறது; உண்ட சர்க்கரையைச் செலவழிக்கும் பெரிய இடம் தசையே. நாளெல்லாம் ஏர் பிடித்த காலத்தில் செரித்த அதே அளவு சோறு, உட்கார்ந்திருக்கும் காலத்தில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகிறது. அக்கொழுப்பு இன்சுலினின் வேலையை மேலும் தடுக்கிறது.

கேழ்வரகு விளையும் நம் பக்கத்தார், "களி தின்போர்க்கு இது வாராது" என்பர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வு 2025-இல் வெளியிட்ட முடிவு வேறு. நம் மக்கள் பெறும் உணவாற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அம்மொத்தத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாகச் சிறுதானிய மாவை மட்டும் மாற்றி உண்பதில் ஆபத்து குறைந்ததாகக் காணப்படவில்லை. களியைக் கைவிடச் சொல்லவில்லை. உருண்டையைச் சிறிதாக்கி, அவரையும் கொள்ளும் கீரையும் தட்டில் கூடட்டும் என்கிறோம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையும் உண்டு. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5 எனில் நீரிழிவு. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்க்கு இவ்வெண் பொய்யாகக் கூடக்கூடும். சோகையுள்ள மூதாட்டியர் இதை மருத்துவரிடம் மறவாது கூறுக.

ஓசூரில் எடுத்தாலும், எல்லை தாண்டிப் பெங்களூரில் எடுத்தாலும் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். எழுத்து தெரியாவிடினும் எண் தெரியும். சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல். என்ற மூன்று எண்களையும் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி, தேதியும் இட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்க. எழுதிவைத்த எண்களைக் கண்டு தாமாக மாத்திரையை நிறுத்துவதோ கூட்டுவதோ வேண்டா.

இடுப்பளவை இன்றே வீட்டில் எடுக்கலாம். நெசவாளர் வீட்டில் அளவு நாடாவுக்குப் பஞ்சமில்லை. வேட்டி கட்டும் இடத்தில் அளப்பது பிழை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, ஆடையின்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் நாடாவைச் சுற்றுக. அங்குல நாடாவாயின் ஆண்களுக்குச் சுமார் 35½, பெண்களுக்கு 31½ என்பதே எல்லை.