பளபளப்புக்கு அவசரப்பட்டேன்

பவுடர் கோட்டிங் முடிந்து என் பழைய பைக்கின் பிரேம் வீட்டுக்கு வந்த அன்று, ஹாலில் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் படுக்க வைத்தேன். கன்னங்கரேலென்று மின்னியது. போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, மேஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பிரேமின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். "நம்பர் எங்க தம்பி?" என்றார்.

சாசி நம்பர் பவுடருக்குள் போய்விட்டது. மேலே டேப் ஒட்டச் சொல்லி நான்தான் எழுதிக் கொடுக்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை.

வண்டி 1974 யெஸ்டி. மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் ஓடத் தொடங்கி 1996-ல் மூடப்பட்டது. முதலில் ஜாவா, 1973-லிருந்து யெஸ்டி என்று பெயர். மேஸ்திரி அண்ணன் அங்கே அசெம்பிளியில் இருந்தவர். அவரை வைத்துக்கொண்டே இத்தனை தப்பு செய்தேன் என்றால் காரணம் ஒன்றுதான். ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா தினம். அன்று ஊர்வலத்தில் என் வண்டியும் போகவேண்டும் என்று மனசில் தேதி குறித்துவிட்டேன். தேதி குறித்ததும் கை தானாகப் பெயின்ட் பக்கம் போகும். கண்ணுக்குத் தெரிகிற வேலை அது ஒன்றுதானே.

நம்பர் போனது முதல் அடி. இரண்டாவது, கழுத்தில், ஹேண்டில் திரும்ப உதவும் கோன் செட் கிண்ணம் இறங்கவில்லை. பவுடர் உள்பக்கமும் படிந்து துளையைச் சுருக்கிவிட்டது. போல்ட் மரைகளிலும் அதே கதை. மூன்றாவதுதான் வலித்தது. சென்டர் ஸ்டாண்டு மாட்டும் காதில் முடி கனத்தில் ஒரு விரிசல். கோட்டிங்குக்கு முன்பு துரு அதை மறைத்திருந்தது. வெல்டிங் வைத்தால் சுற்றிலும் கோட்டிங் கருகும். வைத்தோம். கருகியது.

"எல்லாத்தையும் சுரண்டிட்டு ஆரம்பத்துலேர்ந்து வா. நிதானா" என்றார் அண்ணன். அவர் தமிழுக்கு நடுவே வரும் அந்தக் கன்னட வார்த்தையை அந்த வருடம் எத்தனை தடவை கேட்டேனோ.

இரண்டாவது சுற்றில் செய்ததைச் சொல்கிறேன். இன்ஜினைப் பிரித்துத் தனியாக வைத்துவிட்டு, பெயின்ட் போடாத வெறும் பிரேமில் வண்டியை ஒருமுறை முழுக்க மாட்டிப் பார்த்தோம். போர்க், இரண்டு சக்கரம், மட்கார்டு, டேங்க், ஸ்டாண்டு, சைலென்சர் இரண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் பிடித்து நேர்கோடு பார்த்தோம். மட்கார்டு துளை கால் அங்குலம் தள்ளி நின்றது. யாரோ எப்போதோ மோதி நிமிர்த்திய வண்டி. வளைவு எடுப்பதும், வெல்டிங்கும், துளையைச் சரிசெய்வதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடவேண்டும். அதன்பிறகு பிரித்தால் பெயின்டுக்குப் போகலாம்.

இந்த பிரேம் சதுரக் குழாயால் ஆனது. வெளித்துரு ஏமாற்றாது, உள்துருதான் ஏமாற்றும். அண்ணன் சின்னச் சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீர் என்று வந்த சத்தம், பின்பக்கம் கீழ் மூலையில் பொத்தென்று இறங்கியது. அங்கே பிரேமைச் சாய்த்து ஆட்டியதும் தேங்காய் ஓட்டுத்தூள் மாதிரி ஒரு கைப்பிடி துரு கொட்டியது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தோம். வேலையெல்லாம் முடிந்தபின் குழாய்க்குள் துரு தடுக்கும் மெழுகெண்ணெயைப் பீய்ச்சினேன்.

சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் முன் கழுத்துத் துளையையும் மரைகளையும் மூடினேன். நம்பர் மேல் கனமான டேப் இரண்டு சுற்று. மணல் பலமாகப் பட்டால் நம்பர் தேய்ந்துவிடும், அதை எந்த ஆர்டிஓவும் ஒப்புக்கொள்ள மாட்டார். மழைக்காலத்தில் பிளாஸ்டிங் செய்தால் அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பில் ஒரு ராத்திரிக்குள் செம்மண் நிறம் பூத்துவிடும். வெறுங்கையால் தொடவும் வேண்டாம், விரல் ரேகை பட்ட இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

பவுடரா பெயின்டா என்றால், இந்த முறை பெயின்டுதான் என்றேன். பவுடர் கெட்டி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுப்பில் 180, 200 டிகிரி வரை போகும். சாதாரணப் பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. பழைய பிரேமில் துரு தின்ற குழிகளுக்குப் பட்டி பார்க்காமல் முடியாது. ஒரு இடத்தில் பெயர்ந்தாலும் பெயின்ட் என்றால் தொட்டுச் சரிசெய்யலாம்.

நிறத்தை அண்ணன்தான் காட்டினார். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம், வெயில் படாத இடத்தில், ஆழ்ந்த மெரூன். நான் கேட்டலாக் பார்க்காமல் கறுப்படித்தவன். மூடியைக் கழற்றி பெயின்ட் கடைக்கே எடுத்துப்போய், அதற்கு நேராக நிறம் கலக்கச் சொன்னேன். நாலு தடவை கலந்தார், ஐந்தாவது ஒத்தது.

டேங்க் குரோமுக்கு அனுப்புகிறவர்கள் முதலில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். பாலிஷ் போடப்போட தகடு மெலியும். போய்வந்தபின் ஒழுகினால் யாரையும் கேட்க முடியாது.

ஒரு காகித விஷயம். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் 'விஏ' வரும். ஆனால் கண்காட்சி, ராலி மாதிரி காரணங்களுக்குத்தான் அதை ரோட்டில் எடுக்கலாம். தினமும் மார்க்கெட்டுக்குப் போகிற ஆசை இருந்தால் பழைய ஆர்சியைப் புதுப்பித்துக்கொண்டே போவது மேல். நான் அப்படித்தான் செய்தேன்.

அந்த ஜூலை போயே போய்விட்டது. அக்டோபரில், தசரா விளக்கெல்லாம் கழற்றுகிற வாரத்தில், வண்டி நின்றது. கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர் ஆகிவிடுகிற வண்டி இது. அண்ணன் மூன்றாவது உதையில் எழுப்பினார். இரண்டு சைலென்சரிலும் நீலப்புகை. அவர் அதைப் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கழுத்தில் வைத்து, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக வெளியே வந்தது. மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, டீ சொல்லப் போனார்.