பாட்டிலில் ஊர்ப் பெயர் ஏன்?

கேள்வி: எங்கள் தெருமுனை ஒயின் கடையில் ரெட் ஒயின் வாங்கப் போனால் மர்கோ, போமார், மோர்கோன் என்று எல்லாமே ஊர்ப் பெயர்களாக இருக்கின்றன. என்ன திராட்சை என்று ஏன் போடுவதில்லை? இந்த வழக்கம் எப்படி வந்தது? – ஒரு வாசகி, பாரிஸ்

பதில்: ஊர்ப் பெயர் சொல்லி ஒயின் விற்பது பிரான்சில் மிகப் பழைய வழக்கம். அந்தப் பெயருக்கு உறுதியான சட்டக் காவல் கிடைத்தது 1935-ல்தான். அதற்குக் காரணம் கலப்படம்.

1860-களில் அமெரிக்கக் கொடிகளோடு ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சுக்குள் வந்தது. அசுவினி மாதிரி மிகச் சிறியது. வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சியே தோட்டம் தோட்டமாகக் காயவைத்துவிட்டது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். அதற்குள் உலர்திராட்சையை ஊறவைத்தும், பிழிந்த சக்கையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்தும் ‘ஒயின்’ விற்கப் பலர் பழகிவிட்டார்கள். பேர்போன ஊரின் பெயரை எந்தச் சரக்கின் மீதும் ஒட்டினார்கள். விலை விழுந்தது. 1907-ல் தெற்கே லாங்குடோக் விவசாயிகள் லட்சக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டத்துக்குப் பின்னால் இந்த மக்களின் கோபமும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

வழி காட்டியது ஷாத்தோநெஃப் து பாப் என்ற ஊர். அங்கே திராட்சை பயிரிட்ட வழக்கறிஞர் பியர் லெ ருவா, 1923-ல் ஊராரைச் சேர்த்து விதிகள் வகுத்தார். எல்லை வகுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது: லாவெண்டரும் தைமும் வளரக்கூடிய வறண்ட மண்ணில் விளைந்த பழத்துக்குத்தான் ஊர்ப் பெயர் கிடைக்கும். என்ன ரகம் நடலாம், ஆல்கஹால் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் விதியில் இருந்தது. இதே வழியில் செனட்டர் ஜோசஃப் கப்யூ முயன்று, 1935-ல் நாடு முழுவதுக்குமான சட்டம் வந்தது. மறு ஆண்டே அங்கீகாரம் பெற்ற முதல் சில ஊர்களில் ஷாத்தோநெஃபும் ஒன்று.

ஆக, ஊர்ப் பெயருக்குள்ளேயே திராட்சையும் அடங்கிவிட்டது. போமார் என்றால் பினோ நுவார். மோர்கோன் என்றால் கமே. மர்கோ என்றால் பெரும்பாலும் கபர்னே சோவின்யோன் தூக்கலாக, மெர்லோ சேர்ந்த கலவை. ஆற்றுக்கு அக்கரையில் பொமெரோலில் மெர்லோவுக்குத்தான் முதலிடம்.

கடையில் பாட்டிலைத் திருப்பி, இந்தச் சட்டக் காவலைக் குறிக்கும் ‘அப்பலாசியோன்’, ‘கோந்த்ரோலே’ என்ற இரு சொற்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘போர்தோ’ என்று இருந்தால் அந்தப் பெரிய வட்டாரத்தில் எங்கே விளைந்ததாகவும் இருக்கலாம். ‘மர்கோ’ என்றால் மர்கோவும் அதை ஒட்டிய சில கிராமங்களும் மட்டுமே. இடம் சுருங்கச் சுருங்க விதி இறுகும், விலையும் ஏறும். தினப்படிச் சாப்பாட்டுக்குக் ‘கோத் துய் ரோன்’ போதும் என்பேன். திராட்சைப் பெயரைப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றால் தெற்கின் ‘பெய் தோக்’ பாட்டில்களைக் கேளுங்கள். அவற்றில் பெரும்பாலும் ரகத்தின் பெயரே முகப்பில் இருக்கும். தங்க எழுத்தில் ‘கிராந்த் வேன் த போர்தோ’ என்று இருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது எந்தத் தரவரிசையையும் குறிப்பதில்லை.