நமக்கு ஒரு வெப்சைட்: வாங்குகிறவர் என்ன கேட்கிறார்?



கூட்டமைப்புக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி வரும் பேச்சு, "நமக்கும் ஒரு வெப்சைட் வேணும்" என்பதுதான். மசாலாப் பொடி அரைக்கும் குழு, ஊறுகாய் போடும் குழு, முறுக்கு சுடும் குழு, துணிப்பை தைக்கும் குழு என எல்லோரும் கேட்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அதற்குக் கொடுக்கப்போகும் பணம் நீங்கள் சந்தாவாகக் கட்டிய பொதுப்பணம். ஒரு தடவை தப்பான இடத்தில் போட்டால் திரும்பி வராது. அதனால் தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பல அமைப்புகளின் இணையதளங்களைத் திறந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. முதலில் தலைவி, செயலாளர், பொருளாளர் படம். அடுத்து குத்துவிளக்கு ஏற்றும் படம். பிறகு எங்கள் நோக்கம், எங்கள் வரலாறு, நாங்கள் வாங்கிய கேடயம். கடைசியில் "எங்கள் பொருட்கள்" என்று நாலு படம். விலை கேட்டால் "தொடர்பு கொள்ளவும்" என்று இருக்கும். அந்த நம்பருக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இருக்காது. பார்வையிட வரும் அதிகாரிக்கும் நிதி கொடுக்கும் நிறுவனத்துக்கும் இது போதும். கால் கிலோ சாம்பார் பொடி வாங்க வந்தவருக்கு இதில் ஒன்றுமே கிடைக்காது.

முதலில் கேட்டார்கள், பிறகு கம்ப்யூட்டர் வைத்தார்கள்

இதைச் சரியாகச் செய்த ஒரு வேலை நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி கிராமங்களில் நடந்திருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தகவல் போகும். அப்போது இன்டர்நெட் என்ற சொல்லே கிராமத்தில் புதுசு. அவர்கள் கம்ப்யூட்டரை இறக்கிவிட்டு "வந்து பாருங்கள்" என்று சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய், உங்களுக்கு எந்தத் தகவல் தேவைப்படுகிறது, இப்போது அதை யாரிடம் போய்க் கேட்கிறீர்கள் என்று முதலில் விசாரித்தார்கள்.

ஊருக்கு ஊர் பதில் வேறாக இருந்தது. வயல் உள்ள ஊரில் இடுபொருள் விலை, நெல் விலை, அரசுத் திட்டங்கள் பற்றிக் கேட்டார்கள். ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே இருந்தது. அதை நடத்தியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே நெல் விலையை யார் கேட்கப் போகிறார்கள்? நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்தத் தகவல் இருந்தது. அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே சொன்னார்கள். வலை தைத்துக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

கேட்கிறவர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும், அது எந்த வழியில் போனால் அவருக்குச் சுலபம் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் அங்கே வேலையே ஆரம்பித்தது. நம் வெப்சைட்டுக்கும் இதே வரிசைதான் என்பது எங்கள் கருத்து.

நம்மிடம் வாங்குவது யார்?

"எல்லாரும்தான் வாங்குறாங்க" என்று சொல்லாதீர்கள். பெரியபாளையத்தில் நமக்குக் குறைந்தது மூன்று விதமான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

பவானி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் முதல் வகை. ஆடி பிறந்தால் ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பொங்கல் வைத்து, வேப்பிலை ஆடை நேர்த்திக்கடன் முடித்துத் திரும்பும்போது நம் கடையில் ஒரு பாக்கெட் ரசப்பொடி வாங்குவார்கள். இரண்டு மாதம் கழித்து அது தீர்ந்துபோகும். அந்த அம்மாவின் கேள்வி இதுதான்: "அக்கா, ஆடியில வாங்கின அதே ரசப்பொடி இருக்குதா? எவ்வளவு? மாதவரத்துக்கு அனுப்புவீங்களா? கூரியருக்கு எவ்வளவு ஆகும்?" இந்த நாலு கேள்விக்கும் ஒரே பக்கத்தில் பதில் இருந்தால் போதும். நம் வரலாறு அவருக்கு வேண்டாம். அதே பாக்கெட்டின் படம் மட்டும் வேண்டும், ஏனென்றால் அவர் நம் பெயரை மறந்திருப்பார், பாக்கெட்டை மறந்திருக்க மாட்டார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துக் கேன்டீன் காண்டிராக்டர் இரண்டாவது. இவர் கேட்பது வேறு. தினம் எத்தனை கிலோ கொடுக்க முடியும், காலையில் எத்தனை மணிக்கு வண்டி வரும், உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா, ஜி.எஸ்.டி. பில் கிடைக்குமா, பணம் எத்தனை நாள் கழித்துக் கொடுக்கலாம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லையென்றால் இல்லை என்றே போட்டுவிடுங்கள். அது தெரியாமல் அவர் வந்து, பாதியில் திரும்பிப் போவதில் இரண்டு பேருக்கும் நேரம் வீண். தினம் இருபது கிலோதான் முடியும் என்றால் இருபது என்றே எழுதுங்கள். ஐம்பது என்று எழுதிவிட்டு மூன்றாம் நாள் கைவிரித்தால் அடுத்த ஆர்டர் நமக்கு வராது.

மூன்றாவது, துணிப்பை கேட்கும் கம்பெனிகளும் ஜவுளிக் கடைகளும் கல்யாண வீட்டாரும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. அதனால் இந்தக் கேள்விகள் நமக்குப் பழக்கமானவை: எந்த அளவு, எந்தத் துணி, பெயர் அச்சடித்துத் தருவீர்களா, குறைந்தது எத்தனை பை எடுக்க வேண்டும், எத்தனை நாளாகும். பையைத் தனியாகப் படம் எடுத்தால் அளவு தெரியாது. ஒருவர் கையில் பிடித்திருக்க, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நீள அகலத்தை அங்குலத்தில் கீழே எழுதுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். முதல் வகை வாடிக்கையாளருக்கு மட்டும்தான் விற்கிறோம் என்றால் இப்போதைக்கு வெப்சைட்டே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் படமும் விலையும் போட்டாலே வேலை நடக்கும். கம்பெனிக்காரர்கள்தான் ஆர்டர் தருவதற்கு முன்னால் "இவர்கள் யார், நிலையானவர்களா" என்று இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள்.

சார்ட் பேப்பரில் போட்டுப் பாருங்கள்

வெப்சைட் செய்கிற தம்பியிடம் போவதற்கு முன்னால், ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் என்று செல்போன் அளவில் வெட்டி வரைந்துகொள்ளுங்கள். எங்கே படம், எங்கே விலை, எங்கே போன் நம்பர். நம்மைப் பற்றித் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, "ஒரு கிலோ எலுமிச்சை ஊறுகாய் வாங்கணும், எங்கே தொடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கும் தாளை எடுத்துக் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. இதுதான் நம் சகோதரிகளுக்கு ரொம்பக் கஷ்டம்! "அங்கே இல்லக்கா, இங்கே பாருங்க" என்று சொல்லத் தோன்றும். சொல்லிவிட்டால் சோதனை கெட்டுப்போகும், வாங்குகிறவர் வீட்டில் நாம் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

இப்படி ஐந்து பேரிடம் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று யாக்கோப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ல் எழுதினார். ஐந்து பேர் நமக்குக் கிடைக்க மாட்டார்களா?

சின்ன விஷயம் எவ்வளவு பெரிசாகும் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனை இணையதளத்தில், பொருளைத் தேர்ந்தெடுத்தவர் பணம் கட்டும் முன் "பதிவு செய்" என்ற பொத்தானை அழுத்திக் கணக்கு தொடங்க வேண்டியிருந்தது. புதிதாக வந்தவர்கள் எரிச்சலாகி விட்டுப் போனார்கள். பழையவர்களுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. அந்தப் பொத்தானை "தொடரவும்" என்று மாற்றி, கணக்கு தேவையில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதல் வருடத்தில் 30 கோடி டாலர் கூடுதலாக வந்தது. ஜாரெட் ஸ்பூல் என்ற ஆய்வாளர் 2009-ல் இதை எழுதியிருக்கிறார். நம் தளத்தில் பதிவு, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். பெயர், முகவரி, போன் போதும்.

கட்டாயம் இருக்க வேண்டியவை

2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கிறவர் தன் பெயர், முகவரி, தொடர்பு எண், எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலை, பொருளைத் திருப்பித் தரும் நிபந்தனை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். புகார் வாங்க ஒருவரை நியமித்து, 48 மணி நேரத்துக்குள் "உங்கள் புகார் கிடைத்தது" என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பாக்கெட்டில் அச்சடிக்கும் எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் முகவரி ஆகியவை தளத்திலும் இருக்க வேண்டும். உணவுப் பொருளுக்கு 14 இலக்கப் பதிவு எண்ணைப் போடுங்கள். கேன்டீன்காரர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

சாவி யார் கையில்?

டொமைன் என்று சொல்லப்படும் இணையப் பெயருக்குக் காலாகாலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்துகொடுத்த தம்பியின் பெயரில் பதிவு செய்தால், அவர் வேலை கிடைத்து வெளியூர் போனதும் நம் பெயர் நம் கையில் இருக்காது. கூட்டமைப்பின் பெயரிலும் கூட்டமைப்பின் ஈமெயிலிலும்தான் பதிவு செய்ய வேண்டும். பாஸ்வேர்டை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தீர்மான நோட்டோடும் முத்திரையோடும் பீரோவில் வையுங்கள். பணம் வரும் க்யூஆர் அட்டையும் கூட்டமைப்பின் வங்கிக் கணக்கோடு சேர்ந்ததாக இருக்கட்டும். "அவசரத்துக்கு என் நம்பருக்கு வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஆரம்பிப்பதுதான் பிறகு கணக்கில் சண்டையாக முடிகிறது.

இன்னொன்று. போனை எடுப்பது யார், வாரம் ஒருமுறை விலையையும் இருப்பையும் பார்த்து மாற்றுவது யார் என்று இரண்டு பேர் பெயரைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். அவர்களுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையும் எழுதுங்கள். சும்மா செய்யச் சொன்னால் மூன்று மாதம் செய்வார்கள். மாவடு தீர்ந்து பல மாதமாகியும் தளத்தில் "கிடைக்கும்" என்று இருந்தால், ஆர்டர் போட்டு ஏமாந்தவர் மறுபடி வர மாட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு கொண்டுவர வேண்டும். இன்றிலிருந்து போனிலோ கடையிலோ வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட வார்த்தையிலேயே அதில் எழுதுங்கள். வாங்காமல் போனவர் கேட்டதையும் விடாதீர்கள். எல்லா நோட்டையும் சேர்த்து வைத்துப் படித்து, எந்தக் கேள்வி அதிகமாக வந்திருக்கிறதோ அதை முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு வெப்சைட் செய்பவரிடம் விலை கேட்போம். எழுதத் தெரியாத சகோதரிகள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.