கடனில்லாத கல்யாண வீடு



நான் போதகன் அல்ல. திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் லேத் வேலை செய்து பிழைக்கிற ஒரு விசுவாசி. சபையில் நடக்கிற விவாகங்களில் நாற்காலி போடுவது முதல் இலை எடுப்பது வரை நிற்கிறவன் என்பதால், இந்தப் பாடத்தை எழுதும்படி சொன்னார்கள்.

சில வாரங்களுக்கு முன்பு ஒரு சகோதரர் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். மகளுக்கு விவாகம் நிச்சயமாகியிருந்தது. "அண்ணே, மேடை டெக்கரேஷனுக்கு வட்டிக்கு வாங்குறேன். நீங்க ஜாமீன் கையெழுத்து போடணும்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களா என்றேன். "அவங்க ஒண்ணும் கேக்கல. நாலு பேர் பேசுவாங்கல்ல?" என்றார்.

அந்த 'நாலு பேர்' எனக்கும் பழக்கமானவர்கள்தான். 2012-இல் மூத்த மகளின் விவாகத்தைத் தை மாதத்தில், நல்ல முகூர்த்த நாளில் வைத்தேன். அன்று ஊரெல்லாம் கல்யாணம். மண்டப வாடகையும் உச்சம், பூ விலையும் உச்சம். மேடைக்குப் பூவளைவு கட்ட 45,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினேன். மாதம் 1,350 ரூபாய் வட்டி. அந்த வருஷம் மின்வெட்டு வேறு. ஜெனரேட்டரில் ஃபோகஸ் லைட் போட்ட சூட்டில், ஜனங்கள் வந்து சேருமுன்பே பூ துவண்டுவிட்டது. முப்பது மாதத்தில் வட்டி மட்டும் 40,500 ரூபாய் கட்டினேன். முதல் அப்படியே நின்றது. "ஏங்க, பூ ஒரு ராத்திரியில வாடிடுச்சு, வட்டி மட்டும் வாடவே மாட்டேங்குதே" என்று என் மனைவி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. கடைசியில் அவள் கட்டிவந்த சீட்டுப் பணத்தில்தான் முதலை அடைத்தோம்.

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் போதித்தார். நான் உட்காராமலே கட்டினேன். 2022-இல் இளைய மகளுக்கு உட்கார்ந்து, ஒரு நோட்டில் எழுதி, பிறகு செய்தேன். அந்த நோட்டிலிருந்தே கீழ்க்கண்ட காரியங்களைச் சொல்லுகிறேன்.

1. நாளைத் தெரிந்துகொள்ளுதல்

நாம் நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் அல்ல. அப்படியிருக்க முகூர்த்த நாளின் விலையை நாம் ஏன் கொடுக்கவேண்டும்? ஆடியிலும் மார்கழியிலும் மற்ற வீடுகளில் பெரும்பாலும் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் காலியாயிருக்கும். வாடகையைப் பேசிக் குறைக்கலாம். இளைய மகளுக்கு ஆடியில் ஒரு வியாழக்கிழமை வைத்தோம். ஆடி வெள்ளி, ஆடிப்பெருக்கு சமயங்களில் மட்டும் பூ விலை ஏறும். அந்த நாட்களைத் தள்ளிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மொட்டைமாடிப் பந்தலை நம்பாதிருங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

2. விவாக ஆராதனை

ஜோடனைக்கு முன்பு இதைச் சரிபாருங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி, நம்மைப் போன்ற சபைகளில் விவாகத்தை நடத்திவைக்கிறவருக்கு லைசென்ஸ் இருக்கவேண்டும். உங்கள் போதகருக்கு இல்லாவிட்டால், லைசென்ஸ் உள்ள ஒரு போதகரை முன்னமே அழையுங்கள். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். நடத்துகிறவரைத் தவிர இரண்டு சாட்சிகளாவது வேண்டும். காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவே விவாகம் நடக்கவேண்டும். சாயங்கால விவாகம் என்றால் ஐந்து மணிக்கே ஆராதனையைத் தொடங்குங்கள். பாட்டு, செய்தி, வாழ்த்து என்று நேரம் ஓடுவது நமக்குத் தெரியாததா?

2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி, எந்த மதத்தாரும் விவாகத்தை 90 நாட்களுக்குள் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்யவேண்டும். ஆல்பம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

தாலியா, மோதிரமா, வேதாகமமா என்பதில் சபைக்குச் சபை வழக்கம் வேறுபடும். இரு வீட்டாரும் போதகர் முன்பாக உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மேடையில் வைத்துத் தர்க்கம் வேண்டாம்.

3. ஜோடனை

கானாவூர்க் கல்யாணத்தில் குறைவு வந்தபோது ஆண்டவர் வெளியே கடன் வாங்கிவரச் சொல்லவில்லை. அந்த வீட்டிலேயே இருந்த ஆறு கற்சாடிகளைத் தண்ணீரால் நிரப்பச் சொன்னார் (யோவான் 2). ஆகவே முதலில் நம்மிடத்திலும் சபையிலும் இருப்பதைப் பாருங்கள்.

ஜனங்களின் கண் போகிற இடம் மூன்றுதான்: வாசல், நடைபாதை, மணமக்களின் பின்புறம். பூவை இந்த மூன்றுக்கு மட்டும் வையுங்கள். கூரையெல்லாம் பூத் தொங்கவிட்டாலும் அண்ணாந்து பார்க்கிறவர் இல்லை.

மணமக்களின் பின்னால் மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி. அதன்மேல் இடைவெளி விட்டுச் சம்பங்கிச் சரங்கள். இதுவே போதும், போட்டோவிலும் நன்றாக விழும். தெர்மோகோலில் பெயர் வெட்டுவதற்குப் பதிலாக, துணியிலேயே பெயரைத் தைத்து வைத்தோம். அது இன்றும் மகளின் பெட்டியில் இருக்கிறது. நடைபாதையின் இரு பக்கமும் விசுவாசிகளின் வீடுகளிலிருந்து கொண்டுவந்த குரோட்டன்ஸ் தொட்டிகளை, தொட்டிக்கு வெள்ளைத் துணி சுற்றி வைத்தோம். வாசலுக்குக் குருத்தோலைத் தோரணம். வாழைமரம் கட்டுவது சிலருக்கு இடறலாயிருக்கும். சபையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பூ வாங்க முந்தின நாள் விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போங்கள். குளிர்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறும். அப்பொழுது சம்பங்கியும் சாமந்தியும் கைகொடுக்கும். உதிரியாக வாங்கி வந்து சகோதரிகள் எல்லாரும் உட்கார்ந்து கட்டினால் கூலி மிச்சம், பாட்டும் ஜெபமுமாக அந்தச் சாயங்காலமே ஒரு ஆராதனை. கட்டின சரங்களை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். மேடையில் ஆராதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பு கட்டினால் போதும். சூடான விளக்கைப் பூவுக்கு நேராகத் திருப்பாதிருங்கள். இதை நான் 45,000 ரூபாய் கொடுத்துக் கற்றேன்.

4. வரவேற்பு

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் சாப்பாட்டு மேஜைமேல் விரிக்கிற பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் மற்றும் தெர்மோகோல் தட்டு, கப் எல்லாம் தடை செய்யப்பட்டிருக்கிறது. வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். மேஜைக்கு ஒரு சொம்பில் நாலு சாமந்தி வைத்தால் அதுவே அழகு.

பெரியவர்களுக்கு மேடை ஓரமாகத் தனி வரிசை போடுங்கள். மணமக்களை மணிக்கணக்காக நிற்கவைத்து வரிசை விடாமல், அரைமணி நேரம் நின்றபின் அவர்களே பந்திக்குப் போய் ஜனங்களை விசாரிக்கட்டும். விருந்துக்கு ஏழைகளை அழையுங்கள் என்ற ஆண்டவருடைய போதனைப்படி, எங்கள் நோட்டில் முதல் பந்தியில் பத்து பேருக்கு இடம் எழுதினோம். எஸ்டேட்டில் குப்பை அள்ளுகிற அம்மாமார்கள் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

5. கணக்கு

முதல் பக்கத்தில் கையிலுள்ள பணத்தை எழுதுங்கள். வரப்போகிற மொய்யை எழுதாதிருங்கள். அது இன்னும் உங்கள் பணம் அல்ல. பதிவுச் செலவு, சாப்பாடு, மண்டபம், துணிமணி, கடைசியாக ஜோடனை என்ற வரிசையில் கழியுங்கள். மிஞ்சுகிறதே ஜோடனைக்கு. 2022-இல் எனக்கு மிஞ்சினது 7,000 ரூபாய். அதற்குள் முடித்தோம். மறுநாள் காலையில் ஒருவரும் என் வாசலில் வந்து நிற்கவில்லை.

அந்தச் சகோதரர் காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிறருக்காகப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது. நான் கையெழுத்து போடவில்லை. அவருக்கு வருத்தம்தான், காப்பியைக்கூடத் தொடவில்லை. நோட்டை எடுத்து, வட்டி கட்டின பக்கத்தை விரித்து வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அண்ணே, ஒரு பேனா கொடுங்க" என்றார். பதினோரு மணி வரை உட்கார்ந்து அவர் மகளுடைய விவாகக் கணக்கை எழுதினோம். நம் சகோதரிகள் பூக்கட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைத் துணி என் வீட்டில் துவைத்து வைத்திருக்கிறது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் விவாகம் நெருங்குகிறதா? அந்தத் துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதிருங்கள். சமாதானத்தின் தேவன் உங்கள் பிள்ளைகளின் குடும்பங்களைக் கடனின் பாரமில்லாமல் கட்டுவாராக. ஆமென்.